திட்டம் கலையும்போது விசுவாசிகள் செய்கிற தவறுகள்

புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்கான வேத வசனம் அச்சிட்ட அட்டை, பீரோ கதவில் ஒட்டியிருக்கும். பல வீடுகளில் அது எரேமியா 29:11: “சமாதானத்துக்கேதுவான நினைவுகள்.” மார்ச் மாதம் விசா மறுக்கப்படும், அல்லது நிச்சயித்த கல்யாணம் நின்றுபோகும். உடனே அட்டை பொய்த்துவிட்டதா என்ற கேள்வி எழும்.

அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் இது. பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்புதான் திரும்பி வருவீர்கள் என்கிறது அந்த வசனம். கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பெரும்பாலோர் எருசலேமை மறுபடி பார்த்திருக்க வழியில்லை. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று அனனியா என்கிற கள்ளத் தீர்க்கதரிசி சொன்னது ஜனங்களுக்கு இனித்திருக்கும், ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. எரேமியா எழுதியதோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று. ‘பழைய திட்டம் திரும்பி வரட்டும், அப்புறம் வாழலாம்’ என்று காத்துக் கிடப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. கிடைத்த வேலையில் மனசு வைக்காமல், வந்த ஊரில் யாரோடும் பழகாமல் வருஷங்கள் போய்விடுகின்றன.

அடுத்தது, எல்லாம் தடையில்லாமல் நடந்தால்தான் தேவன் கூட இருக்கிறார் என்று கணக்குப் போடுவது. ஆதியாகமம் 39ஆம் அதிகாரம் கர்த்தர் யோசேப்போடு இருந்ததை நான்கு முறை சொல்கிறது. முதல் இரண்டும் அவன் அடிமையாக இருந்த வீட்டில், மற்ற இரண்டும் சிறையில். பவுலையும் பாருங்கள். ரோமருடைய ஆசியா மாகாணத்தில் வசனம் சொல்ல ஆவியானவர் தடுத்தார், பித்தினியாவுக்கும் விடவில்லை. துரோவாவில் தரிசனம் கண்டு, இதுதான் வழி என்று நிச்சயித்து மக்கெதோனியா போனார். அங்கே பிலிப்பி பட்டணத்தில் கிடைத்தது அடியும், சிறையில் கால்களை மாட்டிவைக்கும் தொழுமரமும். தடை வந்ததும் ‘இது பிசாசு’ என்பவர்களும் ‘தேவன் கதவை மூடிட்டார்’ என்பவர்களும் கொஞ்சம் பொறுக்கலாம்.

என்ன பாவம் செய்தாயோ என்று துருவுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நீ பாவம் செய்ததால்தான் இந்தத் துன்பம் என்று வாதிட்ட யோபுவின் சிநேகிதர், ஏழு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள்.

அவசரச் சாட்சி இன்னொன்று. காயம் ஆறும் முன்பே ‘எல்லாம் நன்மைக்கே’ என்று மைக்கில் சொல்லவைத்துவிடுகிறோம். டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதையைச் சபைகளில் விரும்பிச் சொல்வார்கள்: சீனா போக ஆசைப்பட்டார், உடல்நிலையைக் காரணம் காட்டி அனுப்பவில்லை, 1893இல் ஜப்பான் போனார், அங்கும் உடம்பு ஒத்துவரவில்லை, 1895இல் இந்தியா வந்தார், பிறகு திருநெல்வேலிச் சீமையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவானார். இதோடு நிறுத்தினால் அழகான சாட்சிதான். ஆனால் 1931இல் கீழே விழுந்து, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். சுகம் கிடைக்கவில்லை. இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்லும் பிரசங்கத்தை அபூர்வமாகவே கேட்கிறேன்.

அழுகிறவரை ‘விசுவாசம் எங்கே?’ என்று அதட்டுவதும் இதே ரகம். 88ஆம் சங்கீதம் புலம்பலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசி வசனத்தில்கூட விடியவில்லை. அதையும் தேவனிடம் செய்த ஜெபமாகத்தான் வேதம் வைத்திருக்கிறது.

கடைசியாக, ‘ஊழியக்காரர் தீர்க்கதரிசனம் சொன்னாரே, நடக்கவில்லையே’ என்ற வேதனை. ஆலயம் கட்ட ஆசைப்பட்ட தாவீதிடம், உம் மனதில் இருக்கிறபடியெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்னார். அன்று இரவே கர்த்தருடைய வார்த்தை வேறாக வந்தது. கர்த்தர் தாவீதோடு இருந்தது உண்மை. கட்டப்போகிறவர்தான் அவர் அல்ல. சொன்ன வாக்கு தவறிப்போனதே என்று நாத்தான் கௌரவம் பார்க்கவில்லை. ராஜாவிடம் திரும்பப் போய், தான் சொன்னதற்கு நேர்மாறானதை அப்படியே சொன்னார்.