சமூகப்பணி பிஎச்.டி. படித்துக்கொண்டே சம்பளத்துக்குக் கற்பிக்க: எங்கே கேட்பது, எதைக் கேட்பது

விண்ணப்பம் எழுதும் முன் உங்களுக்கு வரும் உதவித்தொகையின் நிபந்தனைகளை எடுத்துப் படியுங்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்குபவர் (2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலையான எஸ்ஆர்எஃப் ஆனபின் 42,000) வேறு இடத்தில் சம்பளமோ மதிப்பூதியமோ வாங்கக் கூடாது. மாலைக் கல்லூரியில் நாலு வகுப்பு எடுத்த பணம் வங்கிக் கணக்கில் தெரியும். பின்னால் தணிக்கையில் பிடிபட்டால் உதவித்தொகைக்கே ஆபத்து. உதவித்தொகை இல்லாத முழுநேர ஆய்வாளருக்கு நெறியாளரும் துறைத் தலைவரும் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். வாய்மொழியாகச் 'சரி' என்று சொன்னது போதாது. ஒரே நேரத்தில் இரண்டு வளாகத்து வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்தால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாளில் கேள்வி வரும்.

சொந்தத் துறையில் கிடைக்கும் வேலை முதல் படி. 2022 யுஜிசி பிஎச்.டி. விதிமுறைப்படி ஆய்வாளருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் டுடோரியல், மதிப்பீடு போன்ற பணி தரலாம். இதற்குத் தனியாகப் பணம் வரும் என்று நம்பி வீட்டு வாடகையைத் திட்டமிட வேண்டாம். பாடம் நடத்திப் பழக நல்ல இடம், அவ்வளவுதான்.

பணம் வரும் இடம் மற்ற கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர் வேலை. 2019 யுஜிசி வழிகாட்டுதலில் வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று இருக்கிறது. சுயநிதிப் பிரிவுகளில் அந்தத் தொகையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் (சமூகப்பணி, பாட எண் 10) எந்தப் பிரிவில் தேறினீர்கள் என்பதையும் கவனியுங்கள். 2024 ஜூன் முதல் 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' என்றொரு பிரிவு இருக்கிறது. அந்தச் சான்றிதழைக் காட்டி உதவிப் பேராசிரியர் தகுதி கேட்க முடியாது.

வார இறுதிதான் காலி என்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) படிப்பு நடக்கும் கற்றல் மையத்தை அணுகலாம். ஆலோசனை வகுப்பு, அசைன்மெண்ட் திருத்தம், களப்பணி மேற்பார்வை (நிறுவனங்களில் பயிற்சி பெறும் மாணவரை வழிநடத்துவது) ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பூதியம். தன்விவரம் ஏற்கப்பட்ட பிறகே வகுப்பு தருவார்கள், அதனால் சேர்க்கை தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மற்ற கல்லூரிகளுக்கு ஜூன் பருவத்தை நினைத்து ஏப்ரலிலேயே போவது நல்லது; ஜூலையில் போனால் டைம்டேபிள் முடிந்திருக்கும்.

எங்களைக் கேட்டால் வகுப்பை விடக் களப்பணி மேற்பார்வையைக் கேட்டு வாங்குங்கள். நேர்காணலில் பேச உங்களிடம் நிறைய இருக்கும். ஆனால் கணக்குப் போடாமல் ஒப்புக்கொண்டால் நொந்துபோவீர்கள். எட்டு மாணவர், வாரம் இரண்டு நாள் களம், ஆளுக்கு இரண்டு அறிக்கை. ஓர் அறிக்கைக்கு 20 நிமிடம் என்றால் 16 அறிக்கைக்கு 5 மணி 20 நிமிடம். தனிக் கலந்துரையாடல் ஆளுக்கு அரை மணி, மொத்தம் 4 மணி. குழுக் கலந்துரையாடல் ஒரு மணி. நிறுவனத்துக்கு நேரில் போகும் நேரத்தைச் சேர்க்காமலே பத்து மணியைத் தாண்டிவிட்டது. 'வாரம் நாலு பீரியட்தானே' என்று சம்பளம் பேசுபவரிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். மாணவர் எண்ணிக்கைக்குத் தொகை கேட்பதே நியாயம்.

அறிக்கை திருத்துவது மொழிப்பிழை பார்ப்பதல்ல. 'சிறுமி சோகமாக இருந்தாள், ஆறுதல் கூறினேன்' என்று மாணவர் எழுதியிருந்தால் ஓரத்தில் 'நன்று' என்று போட்டு அனுப்புவதில் இருவருக்கும் பயனில்லை. 'சோகம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அவள் சொன்ன வார்த்தை என்ன? நீங்கள் சொன்ன ஆறுதலை அப்படியே எழுதுங்கள். அதன்பின் அவள் என்ன செய்தாள்?' இந்த நாலு கேள்வி போதும். அடுத்த வார அறிக்கையில் மாற்றம் தெரியும். ஒரு முறைக்கு இரண்டு விஷயத்துக்கு மேல் திருத்த வேண்டாம், பக்கமெல்லாம் சிவப்பு மையானால் அடுத்த அறிக்கை பக்கத்து நண்பருடையதின் நகலாக வரும். பயனாளியின் உண்மைப் பெயர், ஊர், பள்ளி ஆகியவை அறிக்கையில் இருந்தால் படிக்காமலே திருப்பிக் கொடுங்கள். அறிக்கையை வாட்ஸ்அப் குழுவில் போட விடாதீர்கள்.

பணி ஆணை கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை: தொகை மணிக்கா, வகுப்புக்கா, தேர்வு விடுமுறை மாதங்களில் வருமா, கிராம முகாமில் தங்கும் நாட்களுக்கும் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கும் விடைத்தாள் திருத்தவும் தனித்தொகை உண்டா, நிறுவனங்களுக்குப் போய்வரும் பேருந்துச் செலவு யாருடையது. முகாம்தான் பலரும் கேட்க மறப்பது. ஐந்தாறு நாள் இரவு பகலாக மாணவருடன் இருந்துவிட்டு வந்தபின் 'அது பணியின் ஒரு பகுதி' என்பார்கள்.

வரி பிடித்தம் செய்திருந்தால் உங்கள் பான் எண்ணில் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். ஆண்டு வருமானம் வரம்புக்குள் என்றால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

அனுபவச் சான்றிதழைப் பருவம் முடிந்த வாரமே வாங்குங்கள். தேதிகள், பாடத்தின் பெயர், வார மணிநேரம், மேற்பார்வை செய்த மாணவர் எண்ணிக்கை, பெற்ற தொகை எல்லாம் அதில் இருக்கட்டும். தற்காலிகப் பணி பின்னாளில் அனுபவமாகக் கணக்கில் வர, அப்போதைய தகுதி, தேர்வுக்குழு வழி நியமனம், நிரந்தர ஆசிரியருக்கு இணையான ஊதியம் ஆகியவற்றை 2018 யுஜிசி விதிமுறை பார்க்கிறது. மணிக்கணக்கு வேலை பெரும்பாலும் அதில் தேறாது. ஆனாலும் தனியார் கல்லூரி நேர்காணலுக்கு அந்தத் தாள் உதவும். துறைத் தலைவர் மாறிவிட்டால் அதையும் வாங்க அலைய வேண்டும்.