மே மாதப் பனியா? வெள்ளனவே ஏறி இறங்கிவிடுங்கள்

கல்லடிக் கடற்கரையில் அலை நனைத்த மணலில் சைக்கிள் ஓடும், காய்ந்த மணலில் டயர் புதையும். சுவிஸில் இருக்கும் மச்சான்மாரோடு மே மாதம் மலையேறிப் பனிச்சறுக்கப் போகும் மட்டக்களப்புப் பிள்ளைகள் இதை நினைவில் வைத்தால் போதும், ஆனால் அங்கே இறுக்குவது தண்ணீர் அல்ல, இரவுக் குளிர். விடியலில் பனி பலகை மாதிரி இருக்கும். வெயில் ஏற, மேலே ஒரு விரல் ஆழம் மட்டும் இளகும். சறுக்க அதுதான் நேரம். அப்புறம் கஞ்சிதான், ஈரப்பனி சரிந்தும் வரும். ஆகவே இருட்டிலேயே தலையில் டோர்ச் கட்டி ஏறுங்கள். சப்பாத்து கணுக்கால்வரை புதைந்தால், சரி, அன்றைக்கு அவ்வளவுதான், திரும்புங்கள். இரவு முழுக்க மேகம் மூடியிருந்தால் பனி சரியாக உறையாது. பேசாமல் படுத்துத் தூங்கலாம். புதைந்தவரைத் தேடும் ட்ரான்ஸீவர், நீளக் கம்பி, சவள் மூன்றும் ஆளுக்கொன்று வேண்டும். ஒரு சவளைப் பங்குபோடும் கதை அங்கே சரிவராது.