சார்ஜ் என்ற சொல்லில் இடறும் இடங்கள்

போனில் சார்ஜ் இல்லை. பஸ் சார்ஜ் ஏறிவிட்டது. இன்று கடைக்கு நான்தான் இன்சார்ஜ். போலீஸ் லத்தி சார்ஜ் செய்தது. ஆங்கிலம் படிக்காதவர்கூட இந்தச் சொல்லை நாலு அர்த்தத்தில் சரியாகவே பயன்படுத்துகிறார். ஆனால் பேச்சில் பழகிய சொல் என்பதால், எழுத்தில் வரும்போது நின்று பார்க்காமல் தாண்டிவிடுகிறோம்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை வீட்டுக்கடன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினார். அடமானம் வைக்கும் வீட்டின்மீது வங்கிக்கு 'ஃபர்ஸ்ட் சார்ஜ்' உண்டு என்று ஒரு வரி. "முதல் கட்டணம்னு போட்டிருக்கு, எவ்வளவுன்னு போடலையே தம்பி?" என்றார். அது கட்டணமே இல்லை. கடன் அடையும்வரை அந்த வீட்டின்மீது வங்கிக்கு இருக்கும் பிடி அது. கடன் கட்ட முடியாமல் வீடு விற்கப்பட்டால், வரும் பணத்தில் முதல் உரிமை வங்கிக்கு. நம் வழக்கில் வில்லங்கம் என்போமே, அந்த வகை. பத்திரத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால், பக்கத்தில் தொகை இருக்கிறதா, சொத்து விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். சொத்து இருந்தால் கட்டணம் என்று படிக்காதீர்கள்.

ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள்? வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் இதன் வேர். பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனுக்குப் போனால், 'கார்' என்ற சொல்லும் அதே வண்டியிலிருந்து வந்தது தெரியும். பாரம் ஏற்றுவது, பீரங்கியில் வெடிமருந்து ஏற்றுவதானது. 1740-களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அதை மின்சாரத்துக்கும் கையாண்டார். தமிழும் இதே தடத்தில் நடப்பதுதான் எனக்குப் பிடித்தது: இலங்கைப் பாடநூல்களில் மின் 'ஏற்றம்', நீதிமன்றத்தில் குற்றம் 'சுமத்துதல்', வேலையில் 'பொறுப்பு'. எல்லாமே சுமைதான்.

மிகவும் கவனம் வேண்டியது வழக்குச் செய்திகளில். ஒருவர் கொலைக்காக 'சார்ஜ்' செய்யப்பட்டார் என்றால் கொலைக் குற்றம் சாட்டப்பட்டார், அவ்வளவுதான். அதைக் 'கொலை செய்தவர்' என்று தமிழில் எழுதினால், தீர்ப்புக்கு முன்பே ஒரு மனிதரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். அவர் வீட்டாரும் அதைத்தான் படிப்பார்கள். அப்புறம், 'சார்ஜ் ஷீட்' என்பது போலீஸ் தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகை. 'சார்ஜ் ஃபிரேம்' செய்வது நீதிமன்றம். இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது அடிக்கடி கண்ணில் படுகிறது. அதேபோல் 'டிஸ்சார்ஜ்' ஆனவர், நீதிமன்ற விசாரணை தொடங்கும் முன்பே போதிய முகாந்திரம் இல்லை என்று வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டவர். விசாரணை முடிந்து, குற்றம் நிரூபணமாகாமல் விடுதலையானவர் வேறு.

சின்னச் சின்ன இடறல்களும் உண்டு. 'இன் சார்ஜ் ஆஃப் தி சைல்டு' என்றால் குழந்தைக்குப் பொறுப்பாளர். 'இன் தி சார்ஜ் ஆஃப் தி நர்ஸ்' என்றால் நர்ஸின் பொறுப்பில் விடப்பட்டவர். 'இன்', 'சார்ஜ்' இரண்டுக்கும் நடுவில் ஒரு 'தி' வந்ததும் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார் என்பதே தலைகீழாகிறது. கார்டு 'சார்ஜ்டு' என்று குறுஞ்செய்தி வந்தால் கார்டில் பணம் ஏறவில்லை, கார்டிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக, ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல் வந்தாலே வெளியே அனுப்புவது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. ஓர் அதிகாரி தன் கடமைகளை 'டிஸ்சார்ஜ்' செய்தார் என்ற வரியை, கடமையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் சுமந்த வேலையைச் செய்து முடித்தார் என்பதுதான் அந்த வரி.