வட்டமா ஒரு விண்டோ செய்யலாமா? விண்டோஸ் ஃபார்ம்ஸ்ல ஆரம்பிக்கிறவங்களுக்கு

பழைய விண்டோஸ் மீடியா பிளேயர்ல மனுஷத் தலை மாதிரி ஒரு ஸ்கின் இருக்கும், ஞாபகம் இருக்கா? அதைப் பார்த்துதான் எனக்கு இந்த ஆசையே வந்துச்சு. சி ஷார்ப் (C#) புரோகிராமிங் மொழி கொஞ்சம் தெரிஞ்சா போதும், விண்டோஸ் ஆப்களுக்கு விண்டோ செய்ய உதவுற விண்டோஸ் ஃபார்ம்ஸை வச்சு வட்டக் கடிகாரம் மாதிரி ஒரு விண்டோ செஞ்சிடலாம்.

முதல்ல விஷுவல் ஸ்டுடியோல புது விண்டோஸ் ஃபார்ம்ஸ் புராஜெக்ட் திறந்து, பிராப்பர்ட்டீஸ்ல ஃபார்ம்பார்டர்ஸ்டைலை 'நன்'னு (None) மாத்துங்க, ஓரமும் டைட்டில் பாரும் போயிடும். இதை மறந்துட்டு நேரா வட்டம் போட்டா, அளவு டைட்டில் பார் மூலையிலேர்ந்து ஆரம்பிக்கும், வட்டம் மேல ஏறி டைட்டில் பாரையும் சேர்த்து வெட்டிடும், நான் ஒரு சாயங்காலம் முழுக்க இதுலதான் மண்டைய உடைச்சுக்கிட்டேன். கிளையண்ட்சைஸ் 300க்கு 300 வைங்க.

அடுத்து ஃபார்மோட (அதாவது நம்ம விண்டோவோட) லோட் ஈவென்ட்ல, அது திறக்கிறப்ப ஓடுற கோடுல, ஒரு கிராஃபிக்ஸ்பாத் (உருவத்தோட கோட்டு வடிவம்) உருவாக்கி, வட்டம் சேர்க்கிற ஆட்எலிப்ஸ்ல 0, 0, அப்புறம் ஃபார்மோட அகலம், உயரம் கொடுங்க. 300ன்னு நேரா எழுதாதீங்க, திரையில எல்லாத்தையும் பெருசா காட்டுற ஸ்கேலிங் 125% வச்சிருக்கிற லேப்டாப்ல ஃபார்ம் பெருசாகி வட்டம் மட்டும் சின்னதா நிக்கலாம். கடைசியா அந்தப் பாத்தை வச்சு புது ரீஜன் (விண்டோ தெரியுற பகுதி) செஞ்சு, ஃபார்மோட ரீஜன் பிராப்பர்ட்டில போட்டுடுங்க. அவ்வளவுதான். பூரி மாவுல டப்பா மூடிய அழுத்தி வட்டம் எடுக்கிறோம்ல, அதே கதை. வெளிய போன மாவு நம்மளோடது இல்ல, அங்க கிளிக் பண்ணா பின்னாடி இருக்கிற விண்டோவுக்குத்தான் போகும்.

நடுவுல ஓட்டை வேணுமா? அதே பாத்துல சின்னதா இன்னொரு வட்டம் சேருங்க, உளுந்து வடை ரெடி! பாத்தோட உள்பக்கம் எப்படி நிரம்பணும்னு சொல்ற ஃபில்மோட் டீஃபால்ட்டா 'ஆல்டர்னேட்'ல இருக்கிறதால ஒண்ணு மேல ஒண்ணு விழுற இடம் காலியாயிடும்.

இப்ப விண்டோவை நகர்த்த முடியாது, ஏன்னா டைட்டில் பாரே இல்லியே. மவுஸ்டவுன்ல மவுஸ் இருக்கிற புள்ளிய ஒரு வேரியபிள்ல வச்சுக்கிட்டு, மவுஸ்மூவ்ல இடது பட்டன் அழுத்தியிருந்தா மட்டும் எவ்வளவு நகர்ந்துச்சோ அதை லொக்கேஷனோட கூட்டுங்க. மூடுறதுக்கு ஒரு பட்டன் வச்சு குளோஸை கூப்பிடுங்க, அது வைக்கிற வரைக்கும் ஆல்ட் எஃப்4 இருக்கு.

ஓரம் பல்லுபல்லா தெரியுதா, அது உங்க தப்பு இல்ல. ரீஜனுக்கு ஒரு பிக்சல் உள்ள இருக்கும், இல்லன்னா வெளிய, பாதின்னு ஒண்ணு கிடையாது. வழவழன்னு வேணும்னா டபிள்யூபிஎஃப் (WPF, விண்டோ செய்யிறதுக்கு மைக்ரோசாஃப்டோட இன்னொரு வழி) பக்கம் போங்க, விண்டோஸ்டைலை 'நன்'னும் அலவ்ஸ்டிரான்ஸ்பரன்சிய 'ட்ரூ'ன்னும் வச்சு, பேக்கிரவுண்டை டிரான்ஸ்பரன்ட் ஆக்கி, உள்ள ஒரு எலிப்ஸ் வரைஞ்சிடுங்க.