கோல்ட் ஏர் இன்டேக்: பார்த்து வாங்கி, நீங்களே பூட்டுவது எப்படி?

காரில் சொந்தமாகக் கை வைத்துப் பழக நினைப்பவர்களுக்கு ஏர் இன்டேக், அதாவது எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயும் ஃபில்டரும், மாற்றுவது நல்ல முதல் வேலை. ஆயில் வடிக்க வேண்டியதில்லை, எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. நாலைந்து டூல்ஸும் ஒரு மத்தியான நேரமும் இருந்தால் போதும். ஆனால் பூட்டிய மறுநாளே செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஐடிலிங் ஏறி இறங்குகிறது, வண்டி நின்ற இடத்தில் அணைந்துவிடுகிறது என்று வருத்தப்படுபவர்களையும் நிறையப் பார்க்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: எஞ்சினுக்குள், சென்சாரின் கணக்கில் வராத காற்று புகுந்திருக்கும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் கிட் வாங்குவதும் சுலபம், பூட்டுவதும் சுலபம்.

அது என்னதான் செய்கிறது?

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இங்கே முக்கியம் காற்றின் எடை. காற்று சூடானால் விரியும். அதே இடத்துக்குள் அடங்கும் எடை குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ இருக்கும். அதுவே 60 டிகிரியில் 1.06 கிலோவாகக் குறைந்துவிடும். எஞ்சின் சூட்டில் வெந்த காற்றை விட்டுவிட்டு வெளிக்காற்றை இழுக்கச் சொல்வதுதான் கோல்ட் ஏர் இன்டேக்கின் வேலை. கூடவே, காற்று போகும் பாதையில் உள்ள வளைவு நெளிவுகளையும் குறைக்கும்.

அந்தப் பாதையில் எவ்வளவு காற்று போகிறது தெரியுமா? 2 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது நொடிக்குக் கிட்டத்தட்ட 100 லிட்டர் காற்றை இழுக்கும். 200 லிட்டர் டிரம் ஒன்றை இரண்டே நொடியில் காலி செய்வது மாதிரி.

வாங்குவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்றைய கார்கள் பலவற்றில் கம்பெனி ஏர் பாக்ஸே கிரில்லுக்குப் பின்னாலிருந்தோ ஃபெண்டர் பக்கமிருந்தோ வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. அதனால் டியூனிங் எதுவும் செய்யாத சாதாரண எஞ்சினில் கூடுவது சில குதிரைத்திறன் மட்டுமே. அதுவும் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, ஆர்பிஎம் ஏறிய பிறகுதான் தெரியும். பாதி மிதித்து ஓட்டும்போது காற்றுக்குத் தடையாக நிற்பது த்ராட்டில்தான் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு), ஃபில்டர் அல்ல. ஆகவே மைலேஜ் கூடும் என்று நம்பி வாங்காதீர்கள். சத்தம் நிச்சயம் மாறும். கம்பெனிக் குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் ரெசனேட்டர் டப்பா, காற்று உறிஞ்சும் இரைச்சலை அடக்குவதற்காக வைத்தது. கிட்டில் அது இருக்காது. அந்தச் சத்தத்துக்காகவே மாற்றுபவர்கள் உண்டு. அதில் தவறு ஒன்றும் இல்லை.

எந்த வகை?

மூன்று வகை உண்டு. ஷார்ட் ராம் என்பது குட்டைக் குழாய், நுனியில் கூம்பு ஃபில்டர். எல்லாம் பானெட்டுக்குள்ளேயே இருக்கும். பூட்டுவது மிகச் சுலபம். ஆனால் எஞ்சின் சூட்டையே திரும்ப உறிஞ்சும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, உண்மையான கோல்ட் ஏர் இன்டேக். நீளக் குழாய் கீழே இறங்கி, ஃபில்டர் பம்பருக்குப் பின்னாலோ ஃபெண்டருக்குள்ளோ உட்காரும். காற்று நன்றாகக் குளிர்ந்து வரும். ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. ஃபில்டர் தண்ணீரில் மூழ்கினால் எஞ்சின் அதை அப்படியே சிலிண்டருக்குள் இழுத்துவிடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஹைட்ரோலாக் என்பது இதைத்தான். வெறும் மழைச்சாரலுக்குப் பயப்பட வேண்டாம். தண்ணீர் தேங்கும் சாலைகளில் ஓட்டுகிறீர்கள் என்றால் இந்த வகையே வேண்டாம்.

மூன்றாவது, மூடிய பெட்டி வகை. ஃபில்டர் மேலேயே இருக்கும், ஆனால் சுற்றிலும் பெட்டி அடைத்து, வெளிக்காற்று வரும் வாயோடு மட்டும் இணைந்திருக்கும். விலை கூடுதல்தான். முதல்முறை பூட்டுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். சூடும் வராது, தண்ணீர் பயமும் குறைவு. வாங்கும்போது பெட்டியின் மேல் விளிம்பில் ரப்பர் சீல் இருக்கிறதா என்று பாருங்கள். அது பானெட்டோடு ஒட்டி அடைக்காவிட்டால் பெட்டி இருந்தும் பயனில்லை.

ஃபில்டரில், எண்ணெய் தடவிய பருத்தி வகையும் எண்ணெய் இல்லாத செயற்கை இழை வகையும் கிடைக்கின்றன. இரண்டையும் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். பருத்தி வகையில் எண்ணெயை அளவுக்கு மீறித் தடவினால் அது பறந்துபோய் சென்சார் கம்பியில் படியும். புதியவர்களுக்கு எண்ணெய் இல்லாததே மேல். விற்பவர் ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவைத் தந்தால் வாங்கிப் பாருங்கள். காற்று வடிகட்டிகளைச் சோதிக்கும் தரமுறை அது. எவ்வளவு காற்று விடுகிறது என்பதை மட்டும் பார்க்காமல், எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது என்பதையும் பாருங்கள். தாராளமாகக் காற்றை விட்டு, கூடவே தூசியையும் விடுகிற ஃபில்டர் எஞ்சினைத் தேய்த்துவிடும்.

காற்றளவு சென்சாரும் குழாயின் அகலமும்

விளம்பரங்களில் பேசப்படாத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் இது. பல கார்களில் ஏர் பாக்ஸுக்கு அடுத்து எம்ஏஎஃப் எனப்படும் காற்றளவு சென்சார் இருக்கும். உள்ளே சூடாக்கிய மெல்லிய கம்பி. கடந்து போகும் காற்று அதை எவ்வளவு குளிரவைக்கிறது என்பதை வைத்து ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், காற்றின் எடையைக் கணக்கிடும். ஆனால் அந்தக் கம்பி பார்ப்பது தன்னருகே போகும் காற்றை மட்டுமே. குழாயின் அகலம் இவ்வளவு என்று முன்பே எழுதிவைத்த கணக்கை வைத்துத்தான் மொத்தக் காற்றையும் ஈசியூ ஊகிக்கிறது.

சரி, கம்பெனிக் குழாய் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், கிட் குழாய் 76 என்று வைத்துக்கொள்வோம். ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பளவில் அது 18 சதவீதம் கூடுதல். அதே காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போகும். ஈசியூ சுமார் 15 சதவீதம் குறைத்துக் கணக்கிட்டு, அதற்கேற்ப பெட்ரோலையும் குறைத்துவிடும். கலவை மெலிந்துபோகும். ஓரளவுவரை ஈசியூ தானே சரிசெய்துகொள்ளும். அதைத் தாண்டினால் விளக்கு எரியும். ஆகவே சென்சார் உட்காரும் இடத்தில் உள்விட்டம் கம்பெனி அளவிலேயே இருக்கும் கிட்டை வாங்குங்கள், அல்லது உங்கள் மாடலுக்கென்றே தயாரித்ததை வாங்குங்கள். "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தால் விலகிவிடுங்கள். எம்ஏபி எனப்படும் காற்றழுத்த சென்சார் மட்டும் உள்ள கார்களில் இந்தத் தலைவலி இல்லை, ஏனென்றால் அவை த்ராட்டிலுக்கு அப்புறம் உள்ள மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடுகின்றன.

வாரன்டி, இன்ஷூரன்ஸ், வாகனப் புகை விதி ஆகியவை இடத்துக்கு இடம் மாறும். பணம் கட்டுவதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

வேலையைத் தொடங்கலாம்

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர், சாக்கெட் செட் (10 மில்லிமீட்டர் அடிக்கடி தேவைப்படும்), சென்சாருக்கு டார்க்ஸ் பிட் (நட்சத்திர வடிவ முனை), சுத்தமான துணி, திருகு போட ஒரு கிண்ணம். ஃபில்டர் ஃபெண்டருக்குள் போகும் வகை என்றால் ஜாக்கும் ஸ்டாண்டும் வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

1. எதையும் தொடும் முன் பல கோணங்களில் போட்டோ எடுங்கள். எந்த ஹோஸ் எங்கே போகிறது என்று பிறகு நினைவிருக்காது. அப்புறம் கிட்டில் வந்த பாகங்களைத் தரையில் பரப்பி, பட்டியலோடு சரிபாருங்கள்.

2. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். உங்கள் ஆடியோ செட்டைத் திறக்க ரகசிய எண் உண்டென்றால் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

3. சென்சார் பிளக்கைக் கழற்றுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்காமல், பூட்டை அமுக்கி பிளக்கைப் பிடித்து எடுக்க வேண்டும். வெயிலும் சூடும் பட்ட பிளாஸ்டிக் பட்டென்று உடையும், நிதானமாகச் செய்யுங்கள்.

4. கிளாம்புகளை (குழாயைச் சுற்றி இறுக்கும் பட்டைகளை) தளர்த்தி, சிறு ஹோஸ்களை உருவி, குழாயையும் ஏர் பாக்ஸையும் வெளியே எடுங்கள். த்ராட்டில் பாடியின் வாய் திறந்ததும் உடனே சுத்தமான துணியால் மூடுங்கள். அதற்குள் ஒரு வாசர் விழுந்தால் அன்றைய வேலை எஞ்சின் பிரிக்கும் வேலையாக மாறிவிடும்.

5. காற்றளவு சென்சாரைப் பழைய குழாயிலிருந்து புதியதற்கு மாற்றுங்கள். உடலை மட்டும் பிடியுங்கள், கம்பியின் மேல் விரல் படவே கூடாது. அழுக்காக இருந்தால் அதற்கென்றே வரும் கிளீனரை மட்டும் அடித்து, தானாகக் காயவிடுங்கள். பிரேக் கிளீனரோ கார்புரேட்டர் கிளீனரோ வேண்டாம். காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்த்திருக்க வேண்டும். காற்று வெப்ப சென்சார் தனியாக இருந்தால் அதன் குரோமெட்டில் (ரப்பர் வளையத்தில்) துளி சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கிழியாமல் வழுக்கிக்கொண்டு உட்காரும்.

6. புதிய குழாயின் உள்ளே ஒரு துணியை முழுதாக இழுத்துத் துடையுங்கள். வெட்டிய விளிம்புகளில் உலோகத் தூள் ஒட்டியிருக்கும். சென்சாருக்குப் பிறகு ஃபில்டர் கிடையாது. அந்தத் தூள் நேராக எஞ்சினுக்குத்தான் போகும்.

7. சிலிகான் கப்ளர் (குழாயை இணைக்கும் ரப்பர் போன்ற உறை), குழாய், ஃபில்டர் எல்லாவற்றையும் முதலில் தளர்வாக மாட்டுங்கள். எதையும் உடனே இறுக்காதீர்கள். எல்லாம் தன்னிடத்தில் உட்கார்ந்ததும் த்ராட்டில் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு வாருங்கள்.

8. எஞ்சின் அசையும் என்பதை மறக்க வேண்டாம். குழாய்க்கும் சுற்றியுள்ள பேட்டரி, பிராக்கெட், வயர்களுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். குழாயின் மிக உயரமான இடத்தில் சிறு களிமண் உருண்டையை ஒட்டி, பானெட்டை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். உருண்டை தகடாக நசுங்கியிருந்தால் குழாயைக் கீழே இறக்க வேண்டும்.

9. எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் ப்ரீதர் ஹோஸைப் புதிய குழாயில் உள்ள காம்பில் மாட்டுங்கள். அதைக் கழற்றிவிட்டு எஞ்சின் பக்கம் குட்டி ஃபில்டர் ஒன்றைச் செருகும் வழக்கம் உண்டு, பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் எம்ஏஎஃப் உள்ள காரில் அதன் வழியே அளக்கப்படாத காற்று உள்ளே போகும், ஆயில் வாடையும் கேபினுக்குள் வரும்.

கிளாம்ப் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நான் பட்ட பாடு அது. முதல்முறை நான் பூட்டிய இன்டேக், ஐடிலிங்கில் அருமையாக ஓடியது. ரிவர்ஸ் கியர் போட்டு கிளட்சை விட்டதும் அணைந்தது. முன்னால் போனால் பிரச்சினை இல்லை, ரிவர்ஸில் மட்டும் அணையும். ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கடைசியில் ஒருவரை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை மட்டும் லேசாக விடச் சொல்லி, பக்கவாட்டில் நின்று பானெட்டுக்குள் பார்த்தேன். எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்த நேரத்தில் த்ராட்டில் பக்கக் கப்ளரின் அடியில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், பிறை மாதிரி ஒரு இடுக்கு திறந்து மூடியது. கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் குழாய் விளிம்பில் உள்ள மேட்டைத் தாண்டி உட்காராமல், மேட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அதனால் இப்போது நான் ஒவ்வொரு கப்ளரின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பார்க்கிறேன்: மேடு, அதைத் தாண்டிக் கிளாம்ப், அதற்கப்புறம் கப்ளரின் ஓரம். இந்த வரிசை விரலுக்குத் தெரிய வேண்டும். இறுக்கும்போது கிளாம்பின் வெட்டுகள் வழியே சிலிகான் பிதுங்க ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

முதல் ஸ்டார்ட்

துணியை எடுத்துவிட்டீர்களா? டூல்ஸ் எல்லாம் வெளியே வந்துவிட்டதா? பார்த்துவிட்டு பேட்டரியை மாட்டுங்கள். ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். முதலில் லேசாக ஏறி இறங்கலாம், ஈசியூ திரும்பக் கற்றுக்கொள்கிறது. சிறிய ரப்பர் ஹோஸ் துண்டின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் கொண்டு போங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கையும் சட்டையும் போகக் கூடாது. 'ஸ்ஸ்' என்று சீறல் கேட்டால் அங்கேதான் ஒழுக்கு.

விளக்கு எரிந்தால் பதற வேண்டாம், ஓபிடி ஸ்கேனரை (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) செருகி, அது காட்டும் பிழை எண்ணைப் பாருங்கள். பி0102 அல்லது பி0113 வந்தால் பெரும்பாலும் பிளக் மாட்ட மறந்திருப்பீர்கள். முதலாவது காற்றளவு சென்சார், இரண்டாவது காற்று வெப்ப சென்சார். பி0171 என்றால் கலவை மெலிந்திருக்கிறது. ஒழுக்கைத் தேடுங்கள், இல்லையென்றால் குழாயின் உள்விட்டத்தைச் சந்தேகியுங்கள். விளக்கு எரியாவிட்டாலும் சில நாள் ஓட்டிய பிறகு ஸ்கேனரில் லாங் டேர்ம் ஃப்யூவல் ட்ரிம் (கலவையைச் சரிசெய்ய ஈசியூ பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ வைத்திருக்கும் சதவீதம்) பார்க்கச் சொல்வேன். பூஜ்யத்தை ஒட்டி, கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் இருந்தால் மிக நல்லது. கூட்டல் 10-ஐத் தாண்டிப் போகிறதென்றால் எங்கோ காற்று கணக்கில் வராமல் போகிறது.

சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் ஆறிய பிறகு எல்லாக் கிளாம்பையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சிலிகான் சூட்டில் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். தூசி அதிகமுள்ள இடத்தில் ஓட்டினால் ஃபில்டரை அடிக்கடி திறந்து பாருங்கள். கழுவினால் நிழலில் முழுதாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். கழற்றிய கம்பெனி ஏர் பாக்ஸை ஹோஸ், கிளிப், திருகு உட்பட ஒரே பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். வாரன்டிக்கோ புகைச் சோதனைக்கோ வண்டியை விற்கவோ, ஒருநாள் அது தேவைப்படும்.