லிங்க்கின் வாலை வெட்டும்போது செய்யும் தவறுகள்

ஈரோடு மஞ்சள் விலை, திருப்பூர் நூல் விலை என்று நம்ம பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் விடிந்ததிலிருந்து லிங்க் ஓடிக்கொண்டே இருக்கும். பாதி லிங்க், செய்தியைவிட நீளமோ என்று தோன்றும். கேள்விக்குறிக்குப் பின்னால் தொங்கும் யுடிஎம்_சோர்ஸ், யுடிஎம்_மீடியம், எஃப்பிசிஎல்ஐடி போன்றவைதான் காரணம். யார் எந்த வழியாக வந்தார்கள் என்று தளத்துக்காரர் கணக்குப் பார்க்க வைத்தவை. எடுத்துவிட்டாலும் பக்கம் பெரும்பாலும் அப்படியே திறக்கும்.

ஆனால் கேள்விக்குறியிலிருந்து எல்லாவற்றையும் வெட்டுகிறார்கள் பாருங்கள், அதுதான் பெரிய தவறு. யூடியூப் லிங்க்கில் வி= என்பதற்குப் பின்னால் வரும் 11 எழுத்துகள்தான் வீடியோவின் அடையாளம். அது போனால் வீடியோவே இல்லை. டி= போனால், "பத்தாவது நிமிஷத்துல இருந்து பாருங்க" என்று அனுப்பியது முதலிலிருந்து ஓடும். ஷேர் பட்டன் ஒட்டிவிடும் எஸ்ஐ= மட்டும் தாராளமாகப் போகலாம்.

அடுத்தது, மிச்சம் வைப்பதில் வரும் கோளாறு. ?யுடிஎம்_சோர்ஸ்=வாட்ஸ்அப்&ஐடி=482 என்று இருந்தால், முதல் துண்டை எடுத்தபின் ?ஐடி=482 என்று நிற்க வேண்டும். ? போய் & முன்னால் நின்றால் பல தளங்களில் லிங்க் வேலை செய்யாது. கடைசியில் # இருந்தால் அதையும் விட்டுவையுங்கள், பக்கத்தில் குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டுபோவது அதுதான்.

வலைப்பதிவு ஃபீடை, அதாவது பதிவுகளின் பட்டியலாகத் தளம் வெளியிடும் கோப்பை, ஸ்கிரிப்ட் எழுதிச் சுத்தம் செய்பவர்கள் ஜியுஐடி என்ற பகுதியைத் தொடவே கூடாது; ஒவ்வொரு பதிவுக்கும் உரிய தனி அடையாளம் அது. பார்க்க லிங்க் மாதிரியே இருக்கும், கை துறுதுறுக்கும். ஆனால் படித்த பதிவு எது, புதுசு எது என்று ஃபீட் ரீடர்கள் (அந்தக் கோப்பைப் படித்துக் காட்டும் செயலிகள்) பெரும்பாலும் அதை வைத்துத்தான் பிரிக்கின்றன. மாற்றினால் பழைய பதிவெல்லாம் புதுசாக வந்து குவியும். லிங்க் பகுதியை மட்டும் மாற்றினால் போதும்.

பாஸ்வேர்ட் மாற்றும் லிங்க், மின்னஞ்சல் சந்தாவை நிறுத்தும் லிங்க் இவற்றில் கை வைக்காதீர்கள். அந்த நீளமான எழுத்துக்கூட்டம்தான் சாவி.

ஃபயர்ஃபாக்ஸில் தடம் நீக்கி நகலெடுக்கும் வசதி 2023-இலேயே வந்துவிட்டது. அது எல்லா வாலையும் பிடித்துவிடும் என்று நம்புவதும் தவறுதான். பிட்லி போன்ற குறுக்கு லிங்க்கில் வெட்ட எதுவுமே தெரியாது, சொடுக்கியதுமே அங்கே பதிவாகிவிடும். திறந்து பார்த்து, கடைசியில் வந்து நிற்கும் முகவரியைச் சுத்தம் செய்து அனுப்புங்கள். உங்கள் சொடுக்கு பதிவானது பதிவானதுதான், குழுவில் மற்றவர்களுடையதாவது மிச்சமாகும்.