இடுப்புவலியும் இலவம்பஞ்சு மெத்தையும்
காலையில் எழுந்ததும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்; பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். ஆறு மாதம் இப்படியே ஓடியது. பாளையங்கோட்டையில் பார்த்த எலும்பு டாக்டர், "நடமாடினால் குறைகிறது என்றால் முதலில் மெத்தையைப் பாருங்க" என்றார்.

வீட்டில் இருந்தது கல்யாணத்துக்கு வந்த இலவம்பஞ்சு மெத்தை. 15 வருஷமாகிவிட்டது, நடுவில் தொட்டில் மாதிரிப் பள்ளம். ஆச்சியோ, "பத்தமடைப் பாயை விரிச்சுத் தரையில படுல, எல்லாம் சரியாப் போவும்" என்றாள். படுத்தேன். நான் ஒருக்களித்துப் படுக்கிறவன். நாலே நாளில் தோள் மரத்துப்போனது. பாயின் மேல் குற்றமில்லை, சித்திரை வெயிலுக்கு அதற்கு ஈடு கிடையாது.

அப்புறம்தான் படித்தேன். 2003-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேர். கெட்டி மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ளதில் படுத்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்ததாம்.

வண்ணார்பேட்டைக் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மெத்தையிலும் பத்து நிமிஷம் ஒருக்களித்துப் படுத்தேன். கடைப்பையனுக்கு ஒரே சிரிப்பு. முதுகுத்தண்டு வளையாமல் நேராக இருக்கிறதா என்று மனைவி பின்னாலிருந்து பார்த்துச் சொன்னாள். வெறும் தென்னைநார் மெத்தையில் தோள் அமுங்கவில்லை. உடம்பு அழுத்தத்துக்கு ஏற்ப அமுங்கும் நுரைப்பஞ்சான மெமரி ஃபோம் சுகம்தான், ஆனால் நம்ம ஊர்ச் சூட்டுக்கு முதுகு வேர்க்கும். கடைசியில் கீழே ரப்பர் சேர்த்த தென்னைநார், மேலே இரண்டு அங்குலம் லேட்டக்ஸ் (ரப்பர் நுரை) வைத்தது அமைந்தது. தலையணையையும் தோள் உயரத்துக்கு மாற்றினேன்.

மூன்று வாரத்தில் காலை நேர இடுப்புப் பிடிப்பு விட்டது. பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சு அடித்து, ஆச்சி ஆறு தலையணை தைத்துவிட்டாள்.